அத்தையின் வழித்தடம்: கெடா, பினாங்கு பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, சுங்கை பட்டாணி

காலையில் கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, சாப்பாட்டு நேரம் தாண்டி சுங்கை பட்டாணியில் இறங்கினோம், நானும் சித்தப்பாவும். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு முதல் வருடத் திவசம். அதற்கு மட்டும் என்றால் ஞாயிறு காலை காரில் வந்து தலைகாட்டிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம், அத்தையின் மகன், எங்கள் அத்தானும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அத்தை பிறந்த தோட்டம், அவர் ரப்பர் பால் வெட்டிய காடு, தன் அப்பா அம்மாவைக் கப்பலேற்றி அனுப்பிய துறைமுகம், இதையெல்லாம் சித்தப்பாவுக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே அவர் வாயால் கேட்டுக்கொண்டு பார்த்துவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் இனி அவர் ஒருவருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது. அன்றன்றைக்குப் பார்த்ததை இரவில் எழுதிப் போடுகிறேன், திருத்துறைப்பூண்டியில் இருக்கிற சின்ன அத்தை வீட்டாரும் படிக்கட்டும்.

சித்தப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈப்போ வரைக்கும் தூங்கினார். தைப்பிங் தாண்டி, புக்கிட் மேரா ஏரியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு தண்டவாளம் போகும் இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரெண்டு பக்கமும் தண்ணீர். ஒற்றைத் தண்டவாளமாக இருந்த காலம், டீசல் இன்ஜின், மழைக்காலத்து இரவு வேலை என்று கதை ஆரம்பித்தது. 2015-இல் பாடாங் பெசார் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அத்தையைச் சுங்கை பட்டாணியிலிருந்து ஈப்போவுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டாராம். வேலை எதுவும் இல்லை, ரயிலில் உட்கார வைத்துக் காட்டத்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ரயில் என்றால் ஆகாது. தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், இந்தத் தடத்தில்தான் ஏற்றிப் போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்குப் பாதை போட கெடா தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன ஆட்களில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. வீட்டில் அவருடைய பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், ‘சயாமுக்குப் போனவன்’ என்றுதான் பேச்சு. பாட்டி அந்தப் பயத்தை அப்படியே அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 1981-இல் சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த கடிதம் வந்தபோது அத்தை இரண்டு நாள் அவரிடம் பேசவில்லையாம். மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுப்பிக் குளிக்கச் சொல்லி, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி பூசி, “போ தம்பி. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலை” என்றாராம். சித்தப்பா இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நானும் மேலே கேட்கவில்லை.

அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். டவுனில் 1936-இல் கட்டிய மணிக்கூண்டு அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி ஊர் எவ்வளவு பெருத்துவிட்டது! ரப்பர் காடாக இருந்த இடமெல்லாம் இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. அத்தான் வீடும் அப்படி ஒரு தாமானில்தான். எங்கே நின்றாலும் வடக்கே குனோங் ஜெராய் மலை தெரிகிறது.

சனி இரவு

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, அத்தான் வேண்டாம் என்றார். பீடோங்குக்குப் பக்கத்தில் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அத்தானின் காரில் போனோம். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் மண் சாலை இப்போது தார்ச்சாலை. இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ரப்பர் மரம் கண்ணில் படவே இல்லை. சித்தப்பா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கொஞ்ச நேரம் சாலையிலேயே நின்றார். அப்புறம் கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார்: அங்கே காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், அங்கே பால் ஸ்டோர், அதற்குப் பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மேட்டில் துரை பங்களா, இந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகள், ஐந்து வரிசை லயம், கடைசி வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. நான் பார்த்தது செம்பனையும் ஒரு வாய்க்காலும் துருப்பிடித்த ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான்.

அத்தையின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சித்தப்பா சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இன்று பட்டதாரிகள், ஆசிரியர்கள், நர்ஸ்கள் என்று இருக்கிற அத்தனை பேரும் இந்த நாளிலிருந்துதான் வந்தோம்.

காலை நாலரைக்கு எழுவார். சோறு வடித்து, நெத்திலியோ கருவாடோ ஏதாவது வதக்கி, ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் கட்டிவைப்பார். இருட்டிலேயே பெரட்டு. மேற்பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிட்டதும் தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, நிரைக்கு, போக வேண்டும். தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவத்திச் சுருள், கையில் உளி. ஒருவருக்கு நானூறு, ஐநூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் நேற்று வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையைச் சரிவாக, மெல்லிசாக ஒரு சீவு சீவ வேண்டும். ஆழம் அதிகமானால் மரத்தில் காயம் படும், தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் பேச்சு வாங்க வேண்டும், குறைந்தால் பால் வராது. விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் கோடு காய்ந்து நின்றுவிடும். கடைசி மரம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பாடு. பிறகு முதல் மரத்திலிருந்து மறுபடியும் ஒரு சுற்று, மரத்தில் மாட்டிய மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே. இரண்டு வாளி நிறைந்தால் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கி ஸ்டோருக்கு நடை. அங்கே நிறுப்பார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. அதனால் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் அத்தை எழுந்து உட்கார்ந்துகொள்வாராம்.

மத்தியானத்துக்கு மேல் ஆட்டுக்குத் தழை ஒடித்து வருவார், காய்கறிப் பாத்தியைப் பார்ப்பார், துணி துவைப்பார். பால் நாற்றம் துணியை விட்டுப் போகாது. சாயங்காலம் மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்து அப்பாவையும் சித்தப்பாவையும் படிக்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். அத்தைக்கு மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. அவர்கள் சத்தமாக வாசித்தால் எங்கே தடுக்கிறது என்று அவருக்குத் தெரியும், மறுபடி வாசிக்கச் சொல்வார்.

தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். 1937-இல் பதினேழு வயதில் ஆள் சேர்க்கிற கங்காணியோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். மறு வருடமே இந்திய அரசு தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் தள்ளியிருந்தால் நாங்கள் யாரும் இங்கே இல்லை. சண்டை முடிந்ததும் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கெடா முழுக்கப் பரவியபோது தாத்தாவும் அதில் சேர்ந்தார். கள்ளை விடு, பிள்ளையைப் படிக்க வை என்று லயம் லயமாகப் போய்ச் சொன்ன இயக்கம் அது. 1947-இல் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் அடித்ததில் ஒரு தொழிலாளி இறந்தார். தாத்தா அன்றைக்கு அங்கே இருந்தார் என்று சித்தப்பா சொல்கிறார். அடுத்த வருடம் அத்தை பிறந்தார். அவர் இருந்தவரை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு புட்டியைக் கூடத் திறக்க முடியாது, மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. அதெல்லாம் தாத்தாவிடமிருந்து வந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தாத்தா, பாட்டியிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை; குடிமக்களுடையது நீலம். நாடு முழுவதும் தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 இந்தியர்கள் அந்த நேரத்தில் ஊர் திரும்பினார்கள். தாத்தாவின் பெயரையும் செக்ரோலில், தோட்டத்து ஆட்கள் பட்டியலில், வெட்டினார்கள். சேமநிதியை மொத்தமாக எடுத்துக்கொண்டு கப்பலேறுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பிள்ளைகள் கதை ஆளுக்கொன்று. 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம். அதற்குப் பிறகு இங்கே பிறந்த அப்பாவும் (1958) சித்தப்பாவும் (1961) பிறப்பாலேயே குடிமக்கள். அதற்கு முன்னால் 1948-இல், இந்தியாவில் பிறந்த பெற்றோருக்குப் பிறந்த அத்தைக்குக் குடியுரிமை தானாக வராது, எழுதிப் போட்டு வாங்கியிருக்க வேண்டும். தாத்தா எழுதிப் போடவில்லை, என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போகப் போகிறோம் என்ற நினைப்பு. ஒரே லயத்து வீட்டில், ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் தம்பிகள் நீலம், அக்கா சிவப்பு.

அப்போது அத்தைக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம், கையில் குழந்தையாக அத்தான். பாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறார். அத்தைதான் சொன்னாராம்: “தம்பிங்க ரெண்டு பேருக்கும் இங்க கார்டு இருக்கு. ஊர்ல உனக்கு நிலமா இருக்கு, என்னத்தைக் கொடுத்துப் படிக்க வைப்ப? என்கிட்ட விட்டுட்டுப் போ.” மாமா பக்கத்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டினாராம். மாமாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அந்தத் தலையசைப்புக்கு அவருக்கு என்றென்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தாத்தாவும் பாட்டியும் இரண்டு வயசுச் சின்ன அத்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பன்னிரண்டு வயது அப்பாவும் ஒன்பது வயது சித்தப்பாவும் அத்தையிடம் நின்றார்கள்.

அத்தையின் பெயரும் கொஞ்ச நாளில் செக்ரோலிலிருந்து போனது. அப்புறம் கொந்திராட்டில்தான் வேலை, குறைந்த கூலி, மருந்து கிடையாது, விடுப்பு கிடையாது. மாமா பெயரில் இருந்ததால் வீடு தப்பியது.

லயம் போன இடத்தில் இன்னும் இருப்பது மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான். கோயிலில் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் தண்ணீர்க் குழாயில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர், வந்து நாலு வருடம் ஆகிறதாம். சித்தப்பா அவரிடம் மலாயில் ரொம்ப நேரம் பேசினார். ஊரில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு அனுப்புகிறாய், பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். கிளம்பும்போது நாங்கள் கொண்டுபோயிருந்த பலகாரப் பையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு

திவசம் நன்றாக நடந்தது. அத்தானின் மனைவி, எங்கள் அண்ணி, நேற்று ராத்திரியே சமையலை ஆரம்பித்துவிட்டார். அத்தைக்குப் பிடித்தது என்று மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் தனியாகச் செய்திருந்தார், அதைப் படையலில் வைக்கலாமா கூடாதா என்று ஐயருக்கும் அத்தானுக்கும் ஒரு பேச்சு, கடைசியில் காக்கைக்குச் சோறு வைத்த பிறகு தனி இலையில் வைத்தோம். வீடு கொள்ளாத கூட்டம். பழைய தோட்டத்துச் சனங்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அண்ணி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே முழுக்க 555 நோட்டுகள். இந்த நாட்டில் கடனுக்குச் சாமான் வாங்கி வளர்ந்த யாருக்கும் அந்தச் சின்ன நோட்டு தெரியும், கடைக்காரர் ஒன்று வைத்திருப்பார், நாம் ஒன்று வைத்திருப்போம். அத்தை அதில் மளிகைக் கணக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு பக்கத்தில் சீட்டுப் பணம் யார் கட்டினார்கள், யார் பாக்கி. அடுத்த பக்கத்தில், ‘தம்பி பெரியவன் பள்ளிக்கூடச் சப்பாத்து 6 வெள்ளி. சங்கிலி வச்சது.’ இன்னொரு பக்கத்தில், ‘சங்கிலி மீட்டது.’ நாலு பக்கம் தள்ளி மறுபடியும், ‘சங்கிலி வச்சது.’ அந்தத் தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போய் வந்த கணக்கை மட்டும் எடுத்தாலே அப்பா ஆறாம் வகுப்பு முடித்து, டவுனில் புகுமுக வகுப்புக்குப் போய், ஆசிரியர் பயிற்சி முடித்த கதை முழுவதும் வந்துவிடுகிறது.

கடிதக் கணக்கும் இருக்கிறது. ஊருக்கு எழுதிய தேதி, பதில் வந்த தேதி, அனுப்பிய பணம், ஆள் மூலம் அனுப்பிய சாமான்: கோடாலித் தைலம், மைலோ டின், டார்ச் லைட், அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை. பதில் கடிதம் வந்ததும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போடுவார். சில தேதிகளுக்குப் பக்கத்தில் சுழி இல்லை. ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, இங்கே யாருக்குப் பிறந்தது, நட்சத்திரம் என்ன, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. என் பிறந்த நேரம் அதில் இருக்கிறது. என் அம்மாவுக்கே சரியாகத் தெரியாத நேரம்! தாத்தா இறந்த தந்தி வந்த நாள், பாட்டி இறந்த செய்தி கடிதத்தில் பதினேழு நாள் கழித்து வந்தது, எல்லாம் ஒரே மாதிரி எழுத்தில், அழுத்தம் கூடாமல் குறையாமல்.

எனக்கு அத்தை பேசுகிற குரல் நினைவிருக்கிறது. தொலைபேசியை எடுத்தால் “சாப்ட்டியா” என்பதற்குப் பிறகு அடுத்த கேள்வி குடும்பத்தில் வேறு யாரையாவது பற்றித்தான் இருக்கும். ‘உன் சித்தப்பன் கால் வலின்னானே, போய்ப் பார்த்தியா?’, ‘திருத்துறைப்பூண்டிக்குப் பேசினியா?’ இப்படி எங்கள் ஒவ்வொருவரையும் இன்னொருவரிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் போன இந்த ஒரு வருடத்தில் சின்ன அத்தையின் பேரனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. குணமாகி இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அத்தை இருந்திருந்தால் அன்று சாயங்காலமே எல்லார் வீட்டிலும் போன் அடித்திருக்கும்.

திங்கள் இரவு

காலையில் தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் சேருகிற மீனவர் ஊர். அத்தையின் அஸ்தியை இங்கேதான் கரைத்தோம். படகுக்காரர் அன்றைக்கு வந்த அதே மலாய்க்காரர், எங்களை அடையாளம் தெரிந்து வைத்திருந்தார். பூ விட்டோம், சித்தப்பா கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க நெத்திலியும் கருவாடும் காய்கிற வாசம். அத்தை நெத்திலி வாங்க இங்கேதான் வருவார், மாமாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து. அண்ணி இரண்டு கிலோ வாங்கினார்.

திரும்பும் வழியில் பூஜாங் பள்ளத்தாக்கு. மலையடிவாரத்தில் அருங்காட்சியகம், அதன் பின்னால் படி ஏறினால் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம். ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிற அழகான இடம். கடாரம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இந்தப் பகுதிதான் என்கிறார்கள், ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பைப் பற்றி இங்கே வருகிற தமிழர்கள் எல்லாரும் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட மனதில் நின்றது வேறு: அந்தப் படையெடுப்புக்கு முன்னால், ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்ட, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் கெடாவுக்கும் நடுவில் ஆயிரம் வருடமாக ஆள் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில்தான் எங்கள் தாத்தா வந்தார், அதே பாதையில் திரும்பினார். அத்தை பிறந்து வளர்ந்தது இந்த மலை தெரிகிற தூரத்தில்தான், ஆனாலும் இந்த இடத்துக்கு ஒருமுறை கூட வந்ததில்லை என்று அத்தான் சொன்னார். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது.

செவ்வாய், பினாங்கு

அத்தான் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டார். படகில் ஜார்ஜ்டவுனுக்கு. பழைய இரண்டு தட்டுப் படகுகள் போய்விட்டன, புதுப்படகில் குளிர்சாதனம் எல்லாம் இருக்கிறது. சித்தப்பாவுக்குத் திறந்த காற்று இல்லையே என்று வருத்தம்.

அக்கரையில் இறங்கித் துறைமுகப் பக்கம் நடந்தோம். இப்போது உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. 1970-இல் இந்தத் துறைமுகத்தில்தான் ஒன்பது வயதுச் சித்தப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெக் பயணிகளுக்கு விடியற்காலையிலிருந்து வரிசை. தகரப்பெட்டி, பாய், தையல் மிஷின், சைக்கிள் என்று சாமான் குவிந்து கிடந்ததாம். பாட்டி கடைசிவரை சித்தப்பாவின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்திருக்கிறார். கப்பல் நகர்ந்ததும் மாமா இரண்டு தம்பிகளையும் கூட்டிப்போய் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அத்தை வரவில்லை, அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது அழுத முகமாக இல்லை, “வாங்க, பஸ்ஸை விட்டுடப் போறோம், நாளைக்குப் பெரட்டு இருக்கு” என்றாராம்.

அத்தை தன் அம்மாவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பணம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சிவப்புக் கார்டு. வெளியே போனால் திரும்ப உள்ளே விடாவிட்டால்? பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், ஐசியில் எழுத்து மாறி வேறொரு பெயர், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். அதனால் 1979-இல் சீட்டு எடுத்த பணத்தில் தம்பிகள் இரண்டு பேரையும் சிதம்பரம் என்ற கப்பலில் ஊருக்கு அனுப்பிவைத்தார். தான் போகவில்லை. ‘நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி’ என்று சொல்லி, பாட்டியின் கையளவு, கால் அளவு எல்லாம் நூலில் எடுத்து வரச் சொன்னாராம், வளையலும் செருப்பும் வாங்கி அனுப்ப. நீல ஐசி கைக்கு வந்தபோது அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த வருடமே திருச்சிக்கு விமானம் ஏறினார். திருத்துறைப்பூண்டியில் தாத்தாவும் பாட்டியும் இல்லை, இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போன சின்ன அத்தை பேரன் பேத்தி எடுத்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் நாள் முழுக்க ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்த மண்ணில் பிறந்து, இதன் மரங்களை வெட்டி, இரண்டு தம்பிகளை ஆளாக்கி, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண், தன் அம்மாவின் சாவுக்குப் போவதற்குக்கூட ஒரு கார்டின் நிறத்தை யோசிக்க வேண்டியிருந்தது. அத்தை இதைப் புகாராக ஒருநாளும் சொன்னதில்லை, அதனால்தான் நான் சொல்கிறேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

மத்தியானம் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் கட்டியது. தெருவில் பூக்கடை, கேசட் கடையாக இருந்து இப்போது செல்போன் கடையான கடைகள், அரைத்த மசாலா வாசம். பக்கத்தில் நடக்கும் தூரத்தில் நாகூர் தர்கா, கப்பலில் வந்தவர்கள் எந்த மதமானாலும் அங்கே போய்ச் சர்க்கரை ஓதி வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்திலும் இருந்தது. தாத்தா பாட்டியை அனுப்பிய அன்று அத்தை இரண்டு இடத்திலும் வேண்டிக்கொண்டதாகச் சித்தப்பா சொன்னார், நாங்களும் இரண்டு இடத்துக்கும் போனோம். சாயங்காலம் கிழக்குக் கரையோரம் கிராப் வாடகைக் காரில் போகும்போது ஜெரஜாக் தீவைக் காட்டினார். ஊரிலிருந்து வந்த டெக் பயணிகளை முதலில் அங்கேதான் இறக்கி, அம்மை, காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அடைத்து வைப்பார்கள். தாத்தா இந்த நாட்டில் முதலில் கால் வைத்தது அந்தத் தீவில்.

இரவு ஓட்டல் அறையிலிருந்து சின்ன அத்தைக்கு வீடியோவில் கூப்பிட்டோம். துறைமுகத்தில் எடுத்த படங்களைக் காட்டினோம். அவருக்கு அந்தத் துறைமுகம் நினைவில்லை, இரண்டு வயது. திவசத்துக்கு வர முடியவில்லையே என்று ஆரம்பித்து, முட்டி வலி, பேரன் இப்போது தேறிவிட்டான், கருப்பங்காட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு நீண்டது. சித்தப்பா வைக்கப் போனபோது அவர் சட்டென்று, “அக்கா நோட்டு உன்கிட்டயா இருக்கு?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்போ எழுதிக்கோ என்றார். மூத்த பேத்திக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள், தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை மன்னார்குடி. டெங்கு வந்த தேதியையும் சொன்னார், எந்த ஊசி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னார்.

பிஸ்கட் டின்னில் இருந்த கடைசி நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதிலேயே எழுதினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்து, மன்னார்குடிக்கு ஒரு எழுத்து விட்டிருக்கிறது என்று திருத்தினார். நாளைக் காலை படகு, பிறகு பட்டர்வொர்த்திலிருந்து பத்து மணி ரயில். தை மாதத்துக்குத் திருச்சி டிக்கெட் விலை பார்த்து அத்தானுக்கும் அண்ணிக்கும் சேர்த்துப் போட வேண்டும்.